பினாயில் போட்டுக் கழுவிய கட்டைகள்

வல்லம் வடகாலில் நான் வேலை பார்க்கும் கொட்டகையில் ஈ வளர்க்கிறோம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கோழித் தீவனக் கம்பெனி என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதுவும் பொய் இல்லை. சுற்றிலும் இருக்கிற தொழிற்சாலைகளின் கேன்டீன்களில் மிஞ்சுகிற சோறும் சாம்பாரும் காய்கறித் தோலும் தினமும் காலையில் டிரம்மில் வந்து இறங்கும். அதைத் தின்று புழுக்கள் கொழுக்கும். புழுவைக் காயவைத்து அரைத்துக் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக அனுப்புவார்கள். புழு வேண்டுமென்றால் முட்டை வேண்டும், முட்டைக்கு ஈ வேண்டும். அந்த ஈக்கள் இருக்கும் பெரிய வலைக்கூண்டுதான் எனக்கும் இன்னொரு பெண்ணுக்கும் கொடுக்கப்பட்ட இடம்.

இது வீட்டில் மொய்க்கிற ஈ இல்லை. கறுப்பாக, குளவி மாதிரி நீளமாக இருக்கும். ஈயாக ஆன பிறகு அது எதையும் தின்பதில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் உயிரோடு இருக்கும். அதற்குள் ஜோடி சேர்ந்து, முட்டை போட்டு, வலையின் அடியில் விழுந்து கிடக்கும். காலையில் பெருக்கி எடுப்போம்.

வலைக்குள் ஒரு தொட்டியில் புளித்துப்போன கழிவை வைத்திருப்போம். அதற்கு நாத்தத் தொட்டி என்று பெயர். அதன்மேல் மெல்லிய மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் இடுக்கு விட்டு அடுக்கிவைப்போம். பெண் ஈ நாற்றத்தை மோந்துகொண்டு வரும். ஆனால் நாற்றத்திலேயே முட்டை போடாது. பக்கத்தில் காய்ந்த இடமாக, இடுக்காக, யாரும் தொடாத மாதிரி ஓரிடம் பார்த்து, அங்கேதான் போடும். மறுநாள் நான் கட்டைகளைப் பிரித்து முட்டையைச் சுரண்டி எடுப்பேன். அரிசி நொய்யைவிடச் சின்னதாக, பால் நிறத்தில், கொத்துக் கொத்தாக இருக்கும்.

என்னோடு இருந்த பெண் தென்காசிப் பக்கம். முப்பது வயது இருக்கும். வலைக்கு விளக்குப் போடுவதும், தண்ணீர் தெளிப்பதும் அவள் வேலை. வெளிச்சம் இல்லாமல் இந்த ஈக்கள் ஜோடி சேராது. வெயில் நாளில் கூரைத் தகடு வழியே வருகிற வெளிச்சமே போதும். மழைக்காலத்தில் காலை எட்டு மணிக்கே விளக்கைப் போட்டுவிட வேண்டும். புருஷன் வீடு சரியில்லை என்று வெளியே வந்தவள் அவள். ஆறு வயது மகளை ஊரில் தன் அக்கா வீட்டில் விட்டிருந்தாள். சுங்குவார்சத்திரத்தில் மூன்று பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிவர, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு தனி அறைக்குச் சொல்லிவைத்திருந்தாள். அந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கும் என்பதுவரை எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை சென்னையிலிருந்து டெக்னிக்கல் மேடம் வருவார். என் மகளைவிடச் சின்ன வயது. ஒருநாள் செத்துக் கிடந்த ஒரு பெண் ஈயை ஊசியால் பிரித்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து எங்களைப் பார்க்கச் சொன்னார்.

"மூணு சின்னப் பை தெரியுதாக்கா? ஆண் குடுத்ததை அதுல எடுத்து வச்சுக்கும். எல்லாரும் ஜோடி சேர்ந்ததோட கதை முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. பெண்ணுக்கு அதுக்கப்புறம்தான் வேலையே."

எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டேன். "எடுத்து வச்சிக்கினு இன்னா மேடம் பண்ணும்?"

"முட்டை கீழ இறங்கும்போது பையைத் திறந்து விடும். சில பூச்சியில ரெண்டு மூணு ஆணோட சேர்ந்திருந்தா, யாரோடதை வச்சுக்கிறது, யாரோடதை வெளிய தள்றதுன்னு பெண்ணோட உடம்பே பார்த்துக்கும். ராணி எறும்பு ஒரே ஒரு நாள் பறந்து போய்ச் சேரும். அதை வருஷக்கணக்கா உள்ள வச்சிருந்து முட்டை போடும். இந்த ஈ எடுத்துக்குங்க, இடம் பிடிக்கலைன்னா முட்டையை உள்ளேயே வச்சுக்கிட்டுச் சுத்தும். ஆணுக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

தென்காசிக்காரி மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏ மேடம், கடவுள் நமக்கும் அந்தப் பையி ஒண்ண வச்சு அனுப்பியிருக்கலாம்லா? அந்த ஆள வெளிய தள்ளியிருப்பேன்" என்றாள். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

இங்கே வருவதற்கு முன்னால் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷம் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தேன். கழிப்பறை, கேன்டீன், படிக்கட்டு. யாராவது பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள் என்றால், முதல்நாளே எல்லாவற்றையும் பினாயில் போட்டுக் கழுவிவிட வேண்டும். அங்கே மேற்பார்வைக்கு வருகிறவர் தரையைப் பார்க்க மாட்டார். கதவைத் திறந்து மோந்து பார்ப்பார். வாசம் வந்தால் வேலை நடந்திருக்கிறது, வராவிட்டால் நடக்கவில்லை. எவ்வளவு தேய்த்திருந்தாலும் வாசம் இல்லாவிட்டால் திட்டு விழும். அது என் கையிலும் மூக்கிலும் ஊறிப்போனது.

கார்த்திகை மாதம், நல்ல மழை. திங்கட்கிழமை ஒரு கேன்டீன் கம்பெனிக்காரர்கள் எங்கள் கொட்டகையைப் பார்க்க வருவதாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் எல்லாவற்றையும் பளிச்சென்று வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். தரையைக் கழுவினேன். டிரம்களைக் கழுவினேன். முட்டைக் கட்டைகளைப் பார்த்தேன். பழுப்பேறி, வீச்சம் அடித்தது. யாரும் சொல்லவில்லை. நானாகவே அவற்றை வெளியே எடுத்துப்போய், வாளியில் கறுப்புப் பினாயில் ஊற்றி ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, காயவைத்து மறுபடியும் அடுக்கினேன். அன்றைக்கு வேலை செய்த திருப்தியோடு பஸ் ஏறினேன்.

வந்தவர்கள் பார்த்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள், போனார்கள். செவ்வாய்க்கிழமை கட்டையைப் பிரித்தால் ஒரு முட்டைகூட இல்லை. புதன்கிழமையும் இல்லை.

சூப்பர்வைசர் வாலாஜாபாத்துக்காரர். கெட்டவர் இல்லை, ஆனால் அவசரக்காரர். புதன்கிழமை வலைக்கு முன்னால் வந்து நின்று அவளைத்தான் கேட்டார்.

"இன்னாம்மா, லைட்டு போட்டியா இல்லியா?"

"போட்டேம்லா சார். எட்டு மணிக்கே போட்டுட்டேன்."

"போட்டா ஏன் முட்ட இல்ல? ஜோடி சேந்தா முட்ட வரும். வரலன்னா சேரல. சேரலன்னா லைட்டு இல்ல. போன மாசமும் நீ லேட்டாதான் போட்ட. பஸ் வரல, மழன்னு கத சொன்ன."

"அன்னைக்கு ஒரு நாளு சார். அதையே சொல்லுதிய."

டிரம் வண்டி ஓட்டுகிறவர் அந்தப் பக்கமாக வந்தார். "இன்னா சார், ஆம்பள ஈக்கு இன்னா கேடு? லேகியம் கீகியம் வாங்கியாந்து குடுத்துப் பாக்கலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "சனிக்கிழம கான்ட்ராக்ட்காரரு வர்றாரு. அதுக்குள்ள முட்ட வரலன்னா நான் வேற ஆளு கேட்டுடுவேன். அப்பால என்னிய கொற சொல்லாத."

நாங்கள் எல்லோரும் அந்தக் கான்ட்ராக்ட்காரர் மூலம் வேலைக்கு வந்தவர்கள். வேற ஆள் என்றால் அதோடு முடிந்தது. அவள் தண்ணீர் தெளிக்கிற குழாயை எடுத்துக்கொண்டு வலைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னாள்: "வேல போச்சுன்னா அந்த ரூம விட்டுறணும்க்கா. ஊருக்குத்தான் போணும். எங்க அக்கா ரொம்ப நாளு வச்சுக்கிட மாட்டா. ஊருன்னா அந்த ஆளு வூடுதான். பிள்ளையையும் கூட்டிட்டு அங்கதான் போயி நிக்கணும்." வூடு என்று எங்கள் பேச்சு அவள் வாயில் ஒட்டியிருந்தது.

அன்று மத்தியானம் நான் கட்டைகளுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தேன். பெண் ஈக்கள் வந்தன. வயிறு உப்பி, வெளிறித் தெரிந்தன. நாத்தத் தொட்டியைச் சுற்றி வந்து கட்டையில் உட்கார்ந்தன. முன்காலால் மரத்தைத் தட்டின. ஒன்று வால் நுனியை ஊசி மாதிரி நீட்டி இடுக்கில் விட்டது. பிறகு இழுத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் நடந்து மறுபடி நீட்டியது. மறுபடி இழுத்துக்கொண்டு பறந்துபோனது. அடுத்ததும் அப்படியே செய்தது. நான் குனிந்து கட்டையை மோந்தேன். நான்கு நாள் ஆகியும் பினாயில் வாசம் போகவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. ஜோடி சேர்வதில் குறை இல்லை. விளக்கில் குறை இல்லை. அதற்கு அப்புறம் அந்தப் பெண் ஈக்களுக்கு நான்தான் இடத்தைக் கெடுத்துவைத்திருந்தேன்.

அப்போதே எழுந்துபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சிறுவயதிலிருந்தே நான் வாய் திறக்காதவள். நாலு பேர் நிற்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. சொன்னால் என் வேலை போகும் என்ற பயமும் இருந்தது. நாளைக்குள் வாசம் போய்விடும், தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மேடம் வருகிற நாள். மழையால் வரவில்லை. காலையில் வலையின் ஜிப்பைத் திறந்தபோது அதன் துணி மடிப்பில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. முட்டைக் கொத்து. கட்டை பிடிக்காமல், வேறு இடுக்கு தேடி, ஏதோ ஒரு ஈ அந்த மடிப்புக்குள் போட்டிருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முட்டைக்குள் சின்னச் சின்னச் செம்புள்ளிகள் தெரிந்தன. அது புழுவின் கண். கண் தெரிந்தால் முட்டையில் உயிர் இருக்கிறது என்று மேடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஜோடி சேராத ஈ போடுகிற முட்டையில் கண் வராது.

அதை அப்படியே சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் காட்டினால் போதும். விளக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் கட்டையில் போடவில்லை என்பதாக இருக்கும். யாரோ வருகிற காலடிச் சத்தம் கேட்டது. நான் கட்டைவிரலால் அந்தக் கொத்தைத் தேய்த்து எடுத்துவிட்டேன். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

வந்தது அவள்தான். "என்னக்கா, ஏதும் கெடக்கா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது என் வீட்டுக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

மகள் பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவில்லை. காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரிது என்றார்கள். ஒரு வருஷம் கழித்து, பிள்ளைக்கு ஊசி போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தனியாகப் போய் காப்பர் டி வைத்துக்கொண்டு வந்தேன். இன்னொரு பிரசவத்துக்கு என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும்தான். மாமியார் பேரன் வேண்டும் என்று நேர்ந்துகொண்டார். முதலில் என்னைப் பேசினார்கள். ஏற்கனவே ஒரு பிள்ளை பெற்றவள்தானே என்று ஒருநாள் யாரோ சொல்ல, பேச்சு அவர் பக்கம் திரும்பியது. டீக்கடையில் கூட்டாளிகள் கிண்டல் செய்தார்கள். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் கூடாரம் போட்டிருந்த ஒரு வைத்தியரிடம் லேகியம் வாங்கிவந்து, காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட்டார். கசப்பு தாங்காமல் கண்ணை மூடிக்கொள்வார். நான் பக்கத்தில் பால் டம்ளரோடு நிற்பேன்.

வைத்துக்கொண்டது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. என் உடம்பு, என் உயிர். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் தன்னிடம்தான் குறை என்று நம்பிக்கொண்டே போய்ச்சேர்ந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் திட்டியிருப்பார், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு வாய் வரவில்லை. இனி சொன்னாலும் கேட்க ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமையும் முட்டை இல்லை. அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து மறுபடி மூடினாள். அக்காவுக்குப் போன் போட்டு, "பிள்ளைட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்க்கா, அவ பையெல்லாம் எடுத்து வச்சிருப்பா" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

சனிக்கிழமை காலை டீ நேரத்தில் சூப்பர்வைசர் கேபின் வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், அதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை போனபோது அவளும் உள்ளே நின்றுகொண்டிருந்தாள். கான்ட்ராக்ட்காரர் வருவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, ஐ.டி. கார்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அதைக் கழுத்திலிருந்து கழற்றாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், கட்டைய நான்தான் கழுவுனேன்" என்றேன்.

"கழுவுனா நல்லதுதானேக்கா. அத்த ஏன் இப்ப வந்து சொல்றீங்க?"

"பினாயில்ல கழுவுனேன் சார்."

"இன்னாது?"

"விசிட்டுன்னு சொன்னீங்களே. சனிக்கிழம. வாளில ஊற வச்சி."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் மேடம் என்னைத்தான் கேட்டார்.

"வெள்ளைப் பினாயிலா, கறுப்பாக்கா?"

"கறுப்பு மேடம்."

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"அர பாட்டில்."

"அய்யோ. அதுங்க எப்படிக்கா போடும்? வயிறு முட்ட வச்சுக்கிட்டுச் சுத்திக்கிட்டு இருக்கும், பாவம். வலை மடிப்பு, ஜிப்பு ஓரம் எல்லாம் பாருங்க. வேற வழி இல்லாம அங்க எங்கயாவது போட்டிருக்கும். பழைய கட்டைய எல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வைங்க சார். தொட்டியையும் மாத்துங்க."

சூப்பர்வைசர் அவளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "சரி, அத்த நீயே போட்டுக்கம்மா" என்று கார்டைக் காட்டினார். அவளை நான் பார்த்தேன். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதோடு விட்டிருக்கலாம். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் பாதியைச் சொல்லி மீதியை வைத்துக்கொள்ள அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"ஜிப்புல முட்ட இருந்திச்சு சார்" என்றேன். "வியாழக்கெழம பாத்தேன். கண்ணு கூட வந்திருந்திச்சு. நான்தான் தேச்சி எடுத்துட்டேன்."

போனை அணைக்க மறந்திருந்தார்கள். அந்தப் பக்கம் மேடம், "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே தச்சுப் பட்டறையிலிருந்து புதுக் கட்டைகள் வந்தன. நான்தான் அடுக்கினேன். திங்கட்கிழமை காலை பிரித்தபோது இடுக்குகள் முழுக்க முட்டை. வைத்துக்கொண்டு அலைந்த ஈக்களெல்லாம் ஒரே நாளில் போட்டுத் தீர்த்த மாதிரி, கொத்தின்மேல் கொத்து. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. வலையின் அடியில், முட்டையைப் போடாமலே செத்துப்போனவையும் நிறையக் கிடந்தன. பெருக்கும்போது அவற்றின் வயிறு உப்பியபடியே இருந்தது. நான் அவற்றை முறத்தில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

எனக்கு வேலை போகவில்லை. அதற்காக நான் பயந்த பயம் முழுதும் வீண். சூப்பர்வைசர் பினாயில் பாட்டிலைத் தன் கேபினில் வைத்துப் பூட்டினார். எங்களை நிறுத்தி, அவர் சொல்லாமல் எதையும் கழுவக் கூடாது என்றார். அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை கைகழுவும் குழாயடியில் அவள் என்னிடம் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏதும் கெடக்கான்னு நான் கேட்டப்ப, உங்க கையிலதான் இருந்துச்சு?"

"ஆமா."

"நான் எங்க அக்காவுக்கு போன் போட்டப்பவும் பக்கத்துலதான் இருந்திய."

"ஆமாம்மா."

"பயந்திட்டியளோ?"

அதற்கும் ஆமாம் என்றேன். அவள் குழாயை இறுக்கி மூடினாள். "நானும் பயந்துட்டுத்தான் கெடந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தை மாதம் அவள் மகள் வந்துவிட்டாள். அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறாள். இதைக்கூட டிரம் வண்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் இன்னும் அதே வலையில்தான் வேலை செய்கிறோம். எட்டு மணிக்கு அவள் விளக்கைப் போடுகிறாள். நான் கட்டைகளைப் பிரிக்கிறேன். வேலைக்கு வேண்டியதைப் பேசிக்கொள்கிறோம். அவள் இப்போது என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால், "ஏங்க, அந்த லென்ஸக் குடுங்க" என்கிறாள். நான் எடுத்துக் கொடுக்கிறேன்.